பித்தம்தான் என்று சொல்லி அனுப்பினேன்

அண்ணா,

இன்று காலை ஏழாவது வளைவில் வண்டி திரும்பும்போது, மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டார். அந்த வாசனை பின்படி வரைக்கும் வந்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த வியாபாரி ஒருவர், "ஏனுங் கண்டக்டரே, நின்னுக்கிட்டே தூங்கறீங்களா? டிக்கெட்டக் குடுத்துட்டு அப்பறமாத் தூங்குங்க" என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

எலுமிச்சம்பழ வாசனை எனக்கு ஆகாமல் போய் வருசக்கணக்காகிறது. மலை ஏறும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துகொண்டு இதை யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். நீங்கள் போய்ச் சேர்ந்து ஏழு வருசம் ஆகிவிட்டது, இனி யாரிடமும் சொல்ல மாட்டீர்கள். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஏற்காடு ஒண்டிக்கடையில் வண்டி நிற்கும் நேரத்தில், பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் யாரும் வாந்தி எடுத்ததில்லை என்று மலை முழுக்க ஒரு பேச்சு இருந்தது. அது முழு உண்மையில்லை என்பது எனக்குத்தான் தெரியும், துடைத்தவன் நானல்லவா. ஆனால் மற்ற வண்டிகளோடு பார்த்தால் அது பொய்யும் இல்லை. இருபது வளைவையும் நீங்கள் ஒடிக்கும்போது முதல் சீட்டில் வைத்த காப்பிக்கொட்டைப் பை சாயாது. வெள்ளக்கடைப் பெண்கள் பஸ் ஸ்டாண்டில் முதலில் டிரைவர் சீட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் இருந்தால் ஏறுவார்கள். இல்லாவிட்டால், "அடுத்த வண்டிக்குப் போயிக்கலாம் வாங்க, இந்தாளு வயித்தப் பொரட்டிருவான்" என்று திரும்பிவிடுவார்கள். உங்களுக்கு அதில் ஒரு கர்வம். மீசையைத் தடவிக்கொள்வீர்கள். எனக்கும் கர்வம்தான், உங்கள் வண்டிக்கு நான் கண்டக்டர் என்பதில்.

தலைசுற்றல் என்பது எங்களுக்கு ஒரு நோயே இல்லை. மலை ஏறுகிற சனத்தில் பாதிப் பேருக்குச் சுற்றும். அதற்கு வைத்தியர் நான். என் தோள் பையில் எப்போதும் எலுமிச்சம்பழமும் புளிப்பு மிட்டாயும் இருக்கும். முன் சீட்டுக்கு மாற்றுவேன், சன்னல் வழியாகத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்வேன், பேப்பர் படிக்கிற ஆளிடமிருந்து பேப்பரைப் பிடுங்குவேன். அடிவாரம் வந்ததும் எல்லோரும் எழுந்து நடந்து போய்விடுவார்கள். அதனால் எல்லாச் சுற்றலும் ஒரே சுற்றல்தான், எல்லாவற்றுக்கும் பெயர் பித்தம்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். டிரைவருக்கு மட்டும் அது வரக் கூடாது. மலை டிரைவருக்குத் தலை சுற்றுகிறது என்று ஒருவர் வாயில் வந்தால் போதும், அந்த ஆளுக்கு மலை முடிந்தது.

உங்களுக்கு முதலில் வந்தது சேலம் பஸ் ஸ்டாண்டில். மேலே ஏற்றிய மூட்டை சரியாகக் கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தீர்கள். பார்த்தவர் அப்படியே வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டீர்கள்.

"என்னங்ணா?"

"ரைட்டு, பஸ் ஸ்டாண்டே சுத்துதப்பா."

என் பெயரை விட்டுவிட்டு "ரைட்டு" என்றே என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள். நான் ஓடி வந்து எலுமிச்சம்பழம் கீறுவதற்குள் உங்களுக்கு நின்றுவிட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஆரும் பாத்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நாம் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கிறது. படுத்துப் புரண்டால் சுற்றுகிறது, அண்ணாந்தால் சுற்றுகிறது, பின்னால் திரும்பிப் பார்த்தால் சுற்றுகிறது. நேராகப் பார்த்து ஓட்டினால் ஒன்றுமில்லை. ஆகவே உங்கள் தலையை நேராக வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்க வேண்டியதையெல்லாம் நான் பார்த்தேன். பத்தாவது வளைவில் எதிரே லாரி வந்தால் வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். நான் கீழே குதித்து, சக்கரத்துக்குப் போடும் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விசில் அடித்தே உங்களைப் பின்னுக்குக் கூட்டி வருவேன். நீங்கள் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், என் விசிலை மட்டும் நம்பி, பள்ளத்து ஓரம் வரைக்கும் வருவீர்கள். ஏறினவுடன், "ரெண்டு பேரு சேந்து ஒரு வண்டி ஓட்டறோமப்பா, சம்பளம் மட்டும் தனித்தனி" என்று சிரிப்பீர்கள். பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள் அண்ணா. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணிதான் விடவில்லை. ஒருநாள் காலை நீங்கள் பாயிலிருந்து எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நேராக வந்து வண்டியை மறித்தார்கள். "ஏனுங் தம்பி, நீங்க கூட்டிக்கிட்டுப் போறீங்களா, இல்ல நான் முதலாளி ஊட்டுக்கு நடக்கட்டுமா?" என்றார்கள். முதலாளி பெயரைக் கேட்டதும் நமக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சேலத்தில் அந்தக் காது டாக்டர் அம்மாவிடம் போனோம்.

அந்த அம்மா உங்களை உட்காரவைத்து, தலையைப் பிடித்துத் திருப்பி, சடாரென்று படுக்க வைத்தார். நீங்கள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "பயப்படாதீங்க, இப்ப நிக்கும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே உங்கள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். உங்கள் கருவிழி இரண்டும் துடிதுடித்து ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றன.

"காதுக்குள்ள மணல் மாதிரிப் பொடிக் கல்லு இருக்குதுங்க. அது எடம் மாறிருச்சு. தலையத் திருப்புனா வரும், ஒரு நிமிசத்துக்குள்ள நின்னுரும். நொம்பத் தொந்தரவு, ஆனா உசுருக்கு ஆபத்தில்லை" என்றார். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து, எழுந்து, மறுபக்கம் சாய்ந்து செய்கிற பயிற்சி ஒன்றைக் காட்டினார். சுற்றல் முழுக்க நிற்கிற வரைக்கும் ஸ்டீரிங்கைத் தொடவே கூடாது என்றார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"கூட வந்தவரு இதக் கேட்டுக்கோங்க. சுத்தலோட சேந்து பேச்சு கொழறுனா, பாக்கறது ரெண்டாத் தெரிஞ்சா, வாய் ஒரு பக்கம் கோணுனா, கையோ காலோ வெளங்காமப் போனா, நிக்க முடியாம ஒரே பக்கமாச் சாஞ்சா, இதுவரைக்கும் வராத தலைவலி வந்தா, அது காது இல்லீங்க. மூளைக்குப் போற ரத்தத்துல கோளாறு. அன்னைக்கு என்னைத் தேடிக்கிட்டு வராதீங்க. நேராப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தானாச் சரியாயிட்டாலும் போங்க. தலை சுத்தறவருக்கு அந்த நேரத்துல யோசனை ஓடாது. கூட இருக்கற நீங்கதான் யோசிக்கணும்."

"சரிங்கம்மா" என்றேன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், அண்ணா. கேட்கவில்லை என்று சொன்னால் பொய்.

உங்களுக்குப் பிரஷர் ஏறிக் கிடக்கிறது, அதற்குத் தனியாக ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றும் அவர் சொன்னார். படியிறங்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "பிரஷரு டயருக்கு இருந்தாப் போதுமப்பா ரைட்டு." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த இன்னொரு டாக்டரிடம் நாம் போகவேயில்லை.

பயிற்சியிலேயே உங்களுக்குச் சரியாகிவிட்டது. லீவு முடிந்து வந்து ஏறிய அன்று அறுபதடிப் பாலத்துக்கிட்டே வண்டியை நிறுத்தி, இறங்கி, வேண்டுமென்றே அண்ணாந்து வானத்தைப் பார்த்தீர்கள். ஒன்றும் சுற்றவில்லை. பயணிகள் எல்லோரும் மழை வருகிறதா என்று தாங்களும் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் இருந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. அப்படியே ஒன்றரை வருசம் ஓடியது. யாராவது வண்டியில் தலை சுற்றுகிறது என்றால், "காதுல கல்லு எடம் மாறியிருக்கும்" என்று நான் டாக்டர் மாதிரி பேச ஆரம்பித்திருந்தேன். அந்த அம்மா சொன்ன முதல் பாதியை மலையெல்லாம் பரப்பினேன். பின் பாதியை யாருக்கும் சொன்னதில்லை, தேவைப்படவில்லை.

அது மிளகு பறிக்கிற காலம். மாரமங்கலத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கினீர்கள்.

"ரைட்டு, ரோடு ரெண்டாத் தெரியுது. எதுல போறது?"

"ரெண்டுலயும் போங்கண்ணா. ஆளுக்கொண்ணு."

சிரித்தீர்கள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் சரியாகிவிட்டது என்றீர்கள். நீங்கள் அப்போது அண்ணாந்து பார்க்கவில்லை, திரும்பவில்லை, புரளவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தீர்கள். நான் பையைத் துழாவி, ஒன்றரை வருசத்துக்கு முந்தைய மாத்திரையில் மிச்சமிருந்த இரண்டை எடுத்துக் கொடுத்தேன். "பழைய கல்லுதாங்ணா, மறுபடி நவுந்துருச்சு" என்றேன். பெயர் தெரிந்துவிட்ட நோயிடம் நமக்குப் பயம் விட்டுப்போகிறது. தெரியாமலேயே இருந்திருந்தால் அன்றைக்கே பயந்துபோய் சேலத்துக்குக் கூட்டிப் போயிருப்பேனோ என்னவோ.

மூன்றாம் நாள் காலை. முதல் டிரிப். மாரமங்கலத்திலிருந்து முப்பது பேர் போல இருந்தார்கள். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற அந்தச் சமதரையில், எந்த நிறுத்தமும் இல்லாத இடத்தில், நீங்கள் வண்டியை ஓரங்கட்டினீர்கள். இன்ஜினை அணைத்தீர்கள், கியரில் போட்டீர்கள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தீர்கள். ஒன்றையும் மறக்கவில்லை. "ரைட்டு, கட்ட போடு" என்றீர்கள். நாக்கு தடித்துக் கிடந்தது, எனக்குப் புரிந்தது. சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு ஏறி வந்தபோது நீங்கள் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தீர்கள்.

இரண்டு பேர் பிடித்து உங்களை இறக்கி, சாலையோரத்தில் என் துண்டை விரித்து உட்கார வைத்தோம். மரத்தில் சாய்த்தால் இடது பக்கமாகவே சரிந்தீர்கள். தண்ணீர் கொடுத்தேன், கடைவாய் வழியாக வெளியே வந்தது. நான் எலுமிச்சம்பழம் கீறிக்கொண்டிருந்தேன், அண்ணா. ஒரு பெரிய வேலை செய்கிறவன் மாதிரி கீறிக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் வேலைக்குப் போகிற ஒரு பெண் குனிந்து உங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இவருக்கு வாயி ஒரு பக்கமாப் போயிருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போங்க சாமி."

"அட சும்மா இருங்கம்மா! எத்தன தலசுத்தல நான் பாத்திருப்பேன்" என்று எரிந்து விழுந்தேன். அவள் தள்ளி நின்றாள்.

அப்போதுதான் அந்த எஸ்டேட் ஜீப் வந்தது. டிரைவரும் கணக்கெழுதுகிற ரைட்டரும் மட்டும்தான் இருந்தார்கள், பின்னால் முழுக்கக் காலி. "என்னப்பா, வண்டி நிக்குது? டிரைவருக்கு என்ன?" என்று ரைட்டர் கேட்டார்.

இங்கேதான் நான் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். ரைட்டர் சாயங்காலம் மேனேஜரிடம் சொல்வார். மேனேஜரும் நம் முதலாளியும் வாரம் தவறாமல் ஒன்றாக உட்கார்ந்து சீட்டாடுகிறவர்கள். தலைசுற்றி நடுரோட்டில் வண்டியை நிறுத்தியவர் என்று பெயர் வந்தால் உங்களை அதோடு மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். முன்னால் ஒரு தடவை பொய் சொல்லி லீவு வாங்கிக் கொடுத்தது நான் என்பதும் சேர்ந்து வெளியே வரும், என்னையும் இறக்கிவிடுவார்கள். உங்களுக்காக என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான்.

"ஒண்ணுமில்லீங்க. பித்தம். காத்தால வெறும் வயித்துல வந்துட்டாரு. இப்பச் சரியாயிரும், நீங்க போங்க" என்றேன்.

உங்கள் வலது கை லேசாக எழும்பி ஜீப்பைக் காட்டியது. நான் அதைப் பிடித்து உங்கள் மடிமேல் வைத்து அமுக்கிக்கொண்டேன். பார்த்தவர்களுக்கு ஆறுதலாகப் பிடித்திருக்கிற மாதிரி இருந்திருக்கும். ஜீப் போய்விட்டது.

அரை மணியில் சரியாகும் என்று காத்திருந்தேன். ஒரு மணி ஆயிற்று. பயணிகள் நடந்தே போய்விட்டார்கள். ஒன்றரை மணி கழித்துக் காய்கறி லாரி ஒன்று வந்தபோது உங்கள் இடது கையையும் காலையும் லாரிக்காரரும் நானும்தான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஏற்காட்டில் பார்த்துவிட்டு உடனே சேலத்துக்கு அனுப்பினார்கள். சேலத்தில் டாக்டர், "எப்ப ஆரம்பிச்சுது? ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "நடுக்காட்டுலங்க. வண்டி எதும் கெடைக்கலீங்க" என்றேன். மூன்று நாளுக்கு முன்னால் ரோடு இரண்டாகத் தெரிந்ததைக் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அன்னைக்கே வந்திருக்கணும். முன்னாடி வந்திருந்தா எவ்வளவு காப்பாத்தியிருக்கலாம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த மூணு நாளை நீங்க வீணாக்கியிருக்கக் கூடாது" என்றார். ஜீப் விசயம் அவருக்குத் தெரியாது. கூட நின்ற பயணிகளும் மறந்துவிடுவார்கள், உங்கள் வீட்டுக்குத் தெரிய வராது என்று நினைத்தேன்.

நீங்கள் ஆறு வருசம் கட்டிலில் கிடந்தீர்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. ஒரு செவ்வாய் விடாமல் வெள்ளக்கடையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களுக்குச் சவரம் செய்துவிடுவேன், கோணிய பக்கத்தில் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு. புது டிரைவர்களின் கதையெல்லாம் சொல்வேன். ரோட்டில் பஸ் ஏறும் சத்தம் கேட்டதும் நீங்கள் காதைத் தீட்டுவீர்கள். கியர் கரகரவென்று விழுந்தால் முகத்தைச் சுளித்து, அந்தக் குழறிய நாக்கால் ஒரு கெட்ட வார்த்தை சொல்வீர்கள். அது மட்டும் தெளிவாக வரும். மூன்று பேரும் சிரிப்போம். அண்ணி எனக்குச் சோறு போடுவார்கள். வருகிற போகிறவர்களிடமெல்லாம், "இந்தத் தம்பிதாங்க லாரி புடிச்சு ஆஸ்பத்திரி கொண்டுபோயி சேத்தாரு" என்று என் எதிரிலேயே சொல்வார்கள். ஒரு நாளாவது நீங்கள் என்னைத் திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும். நீங்கள் அந்தக் காலையைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் கிறுக்கனாகிவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வண்டியில் யாராவது தலை சுற்றுகிறது என்றால் போதும், எலுமிச்சம்பழத்தை எடுப்பதில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறேன். சிரிக்கச் சொல்கிறேன். ஊர் பெயரைச் சொல்லச் சொல்கிறேன். எத்தனை விரல் தெரிகிறது என்று கேட்கிறேன். "கண்டக்டருக்கு என்னாச்சு, டிக்கெட்டுக்குப் பரீட்ச வைக்கறாரு?" என்று கிண்டல் செய்கிறார்கள். ஒரு தடவை தள்ளாடி, குழறிப் பேசிய ஒருவரை வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டேன். வெறும் சாராயம். அந்த நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலாளி கூப்பிட்டு, "நீ கண்டக்டரா, ஆம்புலன்சா? தெரிஞ்சுக்கிட்டு வேலைக்கு வா" என்றார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, நான்தான் அசடு வழிவேன். ஒரே ஒரு தடவை இருந்தது. களையெடுக்கப் போகிற ஒரு அம்மாளுக்குப் பேச்சுக் குழறியது, இடது கை மேலே வரவில்லை. முப்பது பேரோடு வண்டியை நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்த வைத்தேன். இப்போது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார், ஆனால் நடக்கிறார், பேசுகிறார். இதோடு உங்கள் விசயம் எனக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. நொம்பக் களைத்துப் போய்விட்டேன், அண்ணா.

போன செவ்வாய்க்கிழமை அண்ணியைப் பார்க்கப் போனேன். மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ பக்கத்து வீட்டுக்காரம்மா வந்திருந்தார். அவரிடமும் அதே கதை, இந்தத் தம்பிதாங்க லாரி புடிச்சு என்று ஆரம்பித்தார்கள். அந்தம்மா போனதும், இனி முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜீப், ரைட்டர், பித்தம், நான் பிடித்து அமுக்கிய கை, எல்லாம். தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னேன்.

அண்ணி மிளகைக் கலைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"தெரியுமுங்க" என்றார்கள்.

நான் தலையைத் தூக்கினேன்.

"அந்த ஜீப்பு டிரைவரே ஒரு மாசத்துல ஊட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாருங்க. அவருக்கும் மனசு கேக்கல."

"அப்பறம் எதுக்குங்கண்ணி ஆறு வருசமும் எனக்குச் சோறு போட்டீங்க? வாரவங்ககிட்டயெல்லாம் என்னைய ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வேற ஆருங்க வந்தாங்க அவரப் பாக்க? முதலாளி வந்தாரா, இந்த மலையில அவரு வண்டிதான் வேணும்னு நின்ன சனம் வந்துச்சா? செவ்வாக்கெழமைன்னா விடிஞ்சதுல இருந்து வாசலையே பாத்துக்கிட்டுக் கெடப்பாரு. அதக் கெடுக்க எனக்கு மனசு வல்ல. மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. மன்னிக்கல."

அண்ணி மிளகுச் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. அந்தக் கைய அவரு சும்மா அசைச்சாரா, பலமாத் தூக்குனாரா? ஜீப்புக்காரரு கையப் பாக்கலீங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

லேசாக எழும்பியது என்று மேலே எழுதியிருக்கிறேன், அண்ணா. இத்தனை வருசமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிவந்தேன். அதை அடித்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை, அப்படியே கிடக்கட்டும். அண்ணியிடம் நிசத்தைச் சொன்னேன். "பலமாத்தாங்க. என் ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு" என்றேன்.

அண்ணி என் இரண்டு கைகளையும் பார்த்தார்கள்.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார்கள். "போகோணும்னு கேட்டிருக்காரு."

யோசனை ஓடாது, கூட இருக்கிறவர்தான் யோசிக்க வேண்டும் என்று அந்த டாக்டர் அம்மா சொன்னார். உங்களுக்கு ஓடியது, அண்ணா. முப்பது பேரோடு வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கட்டை போடச் சொல்லிவிட்டு, எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கையைக் காட்டினீர்கள். வாய் வராத ஆள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வேறு எப்படிக் கேட்பார்? இன்றைக்கும் டிக்கெட் கிழிக்கும்போது, படியில் கம்பியைப் பிடிக்கும்போது, உங்கள் கை என் இரண்டு உள்ளங்கைகளுக்கு அடியிலிருந்து மேலே எழும்பப் பார்க்கிறது. நான் இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.